நான்காம் மாடியில் மூன்று பெட்டிகள்

இசை ஏற்கெனவே கேட்கத்தானே செய்கிறது என்றார் கணவர்.
கேட்கிறதுதான்.
பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதும்
கேட்கத்தான் செய்கிறது.

அகிஹபரா, வியாழன் மாலை, நான்காம் மாடி.
பச்சைத் துணி விரித்த தட்டில்
மூன்று ஆம்ப்ளிஃபயர்களை வரிசையாக வைத்தார் குராமோச்சி.
சட்டைப்பையில் வோல்ட் மீட்டர் செருகிய கடைக்காரரை
அன்றுதான் பார்த்தேன்.
"சத்தம் ஒரு மயிரிழை கூடினாலும்
அதுதான் உசத்தி என்று காது சாதிக்கும், நுகாகா-சான்.
முதலில் மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவோம்."
காதில் பூ சுற்றும் வியாபாரத்தில்
இப்படியும் ஒருவர்.

முதலாவதில் வால்வு.
சுண்டுவிரல் கண்ணாடிக்குள் ஆரஞ்சு நூல் சிவந்து வர
நாற்பது விநாடி.
செல்லோ அதில் பாகு போல இறங்கியது, ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் நாற்பது விநாடி எனக்கு
இரண்டு வரிசை இருக்கை.
ஏழே நிமிடத்தில் புல்லட் ரயிலின் ஒரு பெட்டியைத் துடைத்து,
இருக்கைகளைத் திருப்பி,
நடைமேடையில் குனிந்து வணங்குகிறவள் நான்.
அடுத்த ரயிலுக்கு முன் பன்னிரண்டு நிமிடம் கிடைத்தால்
பாதியைத் தேநீர் குடித்துவிடும்.

இரண்டாவது அலுமினியம்.
கல் உப்புப் பொட்டலம் மாதிரி கனம்.
முந்நூறு ஓம் ஹெட்ஃபோனையும்
மூச்சு வாங்காமல் இழுக்கும் என்றார்.
என்னுடையது முப்பத்திரண்டு.
கொசு அடிக்கக் கோடாலி.
குமிழை ஒன்பது மணிக்குக் கீழே இறக்கினால்
இடக்காது பேசும், வலக்காது மௌனவிரதம்.
நானோ எப்போதும் மெதுவாகக் கேட்கிறவள்,
ஓய்வறையில் பக்கத்திலேயே ஆள் தூங்கும்.

மூன்றாவது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது.
இசை தொடங்குமுன்பே ஸ்ஸ்ஸ் என்று
தூரத்தில் யாரோ அரிசி களையும் சத்தம்.
"அது அதன் சுபாவம்," என்றார் குராமோச்சி,
தன் பிள்ளைக்காக மன்னிப்புக் கேட்கும் குரலில்.
விலைச்சீட்டைப் பார்த்தேன்:
இரண்டு ஜோடி பனிக்காலக் காலணி.

மூன்று வியாழன் இப்படியே போயின.
குறிப்பேட்டில்
கதகதப்பு, அகலம், ஆழம், தெளிவு
என்று எழுதி எழுதி அடித்தேன்.
எல்லாச் சொல்லும் தேநீருக்கும் பொருந்தின.

நான்காம் வியாழன் இசோபேயை இழுத்துப் போனேன்.
எட்டாம் பெட்டி அவர் பொறுப்பு.
செல்லோவைப் பெரிய வயலின் என்பவர்.
ஒன்றைக் கேட்டார், தலையாட்டினார்.
இரண்டைக் கேட்டார், தலையாட்டினார்.
மூன்றில் மட்டும் மூடிய கண்ணைத் திறந்து
"யார் அது தாளைப் புரட்டுவது?" என்றார்.

திரும்ப ஓடவிட்டோம்.
மூன்றாம் நிமிடம். வில் மேலேறுமுன் ஒரு நூலிடை.
சர்ரக்.
பதினொரு வருடமாக என்னிடம் இருக்கும் பதிவு.
நான் கேட்ட ஒவ்வொரு முறையும்
அந்தத் தாள் புரண்டிருக்கிறது,
நான் இருந்தும்.

பிறகு மற்ற இரண்டிலும் தேடினோம்.
இருந்தது.
தெரிந்த பிறகு எல்லாவற்றிலும் இருந்தது,
அலுமினியத்தில் இன்னும் துல்லியமாகவே.
குராமோச்சி மீட்டரை வெளியே எடுத்தார்,
பார்த்தார்,
திரும்பச் செருகிக்கொண்டார்.

நியாயப்படி அலுமினியத்தை வாங்கியிருக்க வேண்டும்.
என் சீருடைப் பைக்கு அது பெரிது என்று
எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன்.
உண்மையில், முதலில் காட்டிக்கொடுத்தது எது
என்பதும் ஒரு கணக்கு.
அந்தக் கணக்கைத் தீர்க்காமல்
என்னால் படியிறங்க முடியவில்லை.

இப்போது ஓய்வறையில்
காதும் காதும் வைத்தாற்போல்
ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டு கேட்கிறோம்.
தாள் புரண்டதும் இசோபே எழுந்து கையுறை மாட்டுவார்.
அதுதான் அவருக்கு மணி.

"செலவுக்குத் தகுந்தபடி நன்றாகக் கேட்கிறதா?" என்றார் கணவர்.
யாரோ அரிசி களைவதுகூடக் கேட்கிறது என்றேன்.
அவர் எழுந்துபோய்
சமையலறையை எட்டிப் பார்த்தார்.